ஹால்வரின் முந்நூறு மீட்டர்

ஹால்வருக்கு வயது எழுபத்து நான்கு. வாய்க்கு மட்டும் இருபத்தைந்துதான். எங்கள் வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கிலேயே பனி தள்ளத் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்பது அவர் நினைப்பு. மற்றவர்கள் எல்லாம் பனியைக் கிளறுகிறார்களாம்.

பெரிய சாலையிலிருந்து அவர் வீட்டுக்கு ஏறும் பாதை முந்நூறு மீட்டர். தார் கிடையாது, வெறும் சரளைக்கல். நடுவில் ஒரு வளைவு. வளைவின் ஓரத்தில் கால் தவறினால் கீழே ஓடையில்தான் நிற்க வேண்டும். இந்தப் பாதையைத்தான் முப்பது வருடமாக, முன்னால் இரும்பு பிளேடு மாட்டிய ஒரு சின்னச் சிவப்பு டிராக்டரால் தள்ளிக்கொண்டிருந்தார்.

சரளைப் பாதையில் முதல் பனியை ஒட்ட வழிக்கக் கூடாது. பிளேடை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்து, அடியில் ஒரு படலம் விட்டு, அதைச் சக்கரத்தால் அழுத்தி உறையவிட வேண்டும். அது கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் குளிர்காலம் முழுக்கக் கவலையில்லை. அவசரப்பட்டு வழித்தால் கல்லும் பனியோடு போய்ப் புல்தரையில் விழும். கீழ்வீட்டு ஓட்மார் ஒரு வருடம் அப்படிச் செய்துவிட்டு, மே மாதம் முழுக்கப் புல்லில் கல் பொறுக்கினான். ஹால்வர் பத்து வருடமாகியும் அவனை விடவில்லை. "என்ன ஓட்மார், இந்த வருஷமும் புல்லுக்குக் கல்லுதான் உரமா?" என்று கடையில் நாலு பேர் முன்னால் கேட்பார். ஓட்மார் நல்லவன், சிரித்துக்கொள்வான்.

மூன்று வருடத்துக்கு முன் ஹால்வரின் மனைவி டூர்டிஸுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போயின, பேச்சுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கட்டிலை ஜன்னலோரம் போட்டார்கள். தினமும் காலையில் இங்வில் என்ற செவிலிப்பெண் காரில் வந்து அவளைத் தூக்கி, குளிப்பாட்டி, உட்காரவைத்துவிட்டுப் போவாள்.

அக்டோபரில் ஊர் நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏழரை மணிக்குள் பாதை திறந்திருக்க வேண்டும். கார் ஏற முடியாமல் இரண்டு முறை திரும்ப நேர்ந்தால், அம்மையார் வீட்டிலேயே இருப்பது பற்றிப் பேச வேண்டியிருக்கும். மரியாதையான கடிதம்தான். ஹால்வர் நாலு தடவை படித்துவிட்டு அதைக் காபி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பேசுவது என்றால் முதியோர் இல்லம் என்று அவருக்குத் தெரியாதா?

அந்த வாரம் ஓட்மார் வந்து, "நான் வேணா தள்ளிக் குடுக்கிறேன் ஹால்வர். பெரிய வண்டி இருக்கு. எனக்குப் பத்து நிமிஷ வேலை," என்றான்.

"உன்கிட்ட விட்டா எனக்குப் பாதையே மிஞ்சாது. போய் வேலையப் பாரு."

நவம்பர் நடுவில் முழங்கால் உயரத்துக்கு முதல் பனி விழுந்தது. அடியில் மண் இன்னும் உறையவில்லை. ஹால்வர் டிராக்டரில் உட்கார்ந்து, பிளேடின் நெம்புகோலில் கை வைத்தார். மண்டைக்குள் அந்தக் கடிதம்தான். இரண்டு விரல் பனியில் அந்தப் பெண்ணின் கார் வழுக்கினால்? பத்து வருடம் ஊரைக் கிண்டல் செய்த மனிதர் பிளேடைத் தரைவரை இறக்கிவிட்டார். இரும்பில் கல் உரசிக் கத்தியது. அவருக்கும் கேட்டது. ஆனாலும் நிறுத்தாமல் மேலும் கீழும் ஓட்டி, பாதையைக் கறுப்பாக வழித்துவிட்டுத்தான் வந்தார்.

"கல்லு சத்தம் மாதிரி கேட்டுச்சே?" என்றாள் டூர்டிஸ்.

"சக்கரத்துச் சங்கிலி."

நாற்பத்தாறு வருடத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது அவரை உறுத்தியது.

இரண்டு நாள் கழித்து மழை பெய்தது, விடிவதற்குள் உறைந்தது. கல்லில்லாத மண் கண்ணாடியாகிவிட்டது. இங்வில்லின் கார் வளைவுவரை ஏறி, அப்படியே பின்னால் சறுக்கிப் பள்ளத்தில் உட்கார்ந்தது. அவளுக்கு அடிபடவில்லை, ஓரத்துப் பனியைப் பிடித்துக்கொண்டு நடந்தே மேலே வந்தாள். ஹால்வர் காரை இழுக்க டிராக்டரை எடுத்துக்கொண்டு இறங்கினார். வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் சங்கிலி சுற்றிய டிராக்டரும் பக்கவாட்டில் வழுக்கியது. முன்சக்கரம் ஒன்று ஓரத்தைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை. குனிந்து பார்க்கவும் தைரியம் வரவில்லை.

ஓட்மார் வந்துதான் இரண்டு வண்டியையும் இழுத்து நிறுத்தினான். புல்தரைப் பனியில் சிதறிக் கிடந்த கற்களைப் பார்த்தான். கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவன் கிண்டல் செய்திருந்தால்கூட ஹால்வர் தாங்கியிருப்பார்.

வீட்டுக்குள் வந்தபோது டூர்டிஸின் முகத்தில் ரத்தமே இல்லை. ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"ஒண்ணும் ஆகல," என்றார் ஹால்வர். "இது ஒரு தடவைதான். கடுதாசில ரெண்டு தடவைன்னுதான் போட்டிருக்கு."

"எந்தக் கடுதாசியா இருந்தா என்ன. நானே போறேன். செப்டம்பர்லயே இங்வில்கிட்ட சொல்லி இல்லத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். வியாழக்கிழமை ஒரு ரூம் காலியாகுதாம்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம்தான் வந்தது. "அப்ப நான் யாருக்காக தினம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சுச் சாகுறேன்?"

"எனக்காகத்தான். அதனாலதான் சொல்ல வாய் வரல." அவள் நல்ல கையால் போர்வையை இழுத்துக்கொண்டாள். "நீ வண்டிய எடுத்ததும் எனக்கு முழிப்பு வந்துடும். வளைவுகிட்ட போனா சத்தம் அமுங்கிடும். மறுபடி கேக்குற வரைக்கும் எனக்கு மூச்சே ஓடாது. நீ கவுந்துட்டா என்னால ஓடி வர முடியுமா? இங்க படுத்துப் பாத்துக்கிட்டேதான் இருக்கணும். மூணு குளிர்காலம் ஆச்சு ஹால்வர். இன்னொண்ணு என்னால தாங்க முடியாது."

வியாழக்கிழமை விடியலில் மறுபடி பனி. ஹால்வர் டிராக்டரில் ஏறி, சாவியைப் போட்டுத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். தள்ளாமல் விட்டால் எந்தக் காரும் மேலே வராது, அவளும் போக மாட்டாள். எவ்வளவு சுலபம்! அப்போது படுக்கையறையில் விளக்கு எரிந்தது. மணி ஐந்து. வழக்கம்போல் அவள் விழித்துக் காத்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. இறங்கி, போனை எடுத்தார்.

"ஓட்மார், என் பாதையக் கொஞ்சம் தள்ளிக் குடுக்கிறியா?"

"யாரு, ஹால்வரா பேசுறது?"

"நான்தான்யா. கிண்டல் பண்ணாம வா."

உள்ளே போய், அவளுக்குக் காபி கலந்து கொடுத்துக் கட்டிலருகே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கீழே ஓட்மாரின் வண்டி முழங்கியது. வளைவில் சத்தம் அமுங்கியது, மறுபடி எழுந்தது. டூர்டிஸ் தலையணையில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படி நிம்மதியாக இருந்து அவர் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று.

"போக வேண்டாம் டூர்டிஸ். இனிமே அவனே தள்ளட்டும்."

"நெசமாவா? நீ வண்டில ஏற மாட்டியா?"

"ஏற மாட்டேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "அப்ப இங்வில்லுக்கு போன் போடு. ரூம் வேண்டாம்னு சொல்லிடு."

ஹால்வர் போனைக் கையில் எடுத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். ஓட்மார் முற்றத்து விளக்கின் கீழ் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அட, இங்க பாரு! ஓரத்துல மேடு விட்டுட்டுப் போறான். அது உறைஞ்சா யாரு ஒடைக்கிறது? ரெண்டே நிமிஷம், நான் போய்..."

பாதி எழுந்து, ஒரு கை கோட்டின் மேல் போனபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மெல்ல உட்கார்ந்தார். டூர்டிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"பை கட்டிலுக்கு அடியில இருக்கு," என்றாள். "எடுத்து வை."