வீராயியின் வழிவந்தவர்கள்

மலாயாவில் பெம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தின் முள்கம்பி வாசலில் நிற்கிறேன். அவசரகாலம் என்பதால் வாசலைக் கடக்கும் எல்லோரையும் சோதிக்கிறார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். பெண்களைச் சோதிக்கும் தமிழ்ப் பெண் என் பையைத் திறக்கிறாள்.

"யாரைப் பாக்க வந்தீங்க?"

"வீராயின்னு, என் அப்பாவோட அத்தை. அந்தக் காலத்துல இங்க காடு வெட்ட வந்தவங்க. அவங்க பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

அவள் கை அப்படியே நிற்கிறது.

"புருஷன் காய்ச்சல்ல செத்ததும் எல்லாரும் ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னாங்களே, மாட்டேன்னு கோடாலியத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போனாங்களே, அந்த வீராயியா?"

"அவங்கதான்!" கத்தியே விடுகிறேன்.

"அவங்க மக பெத்த பொண்ணு நான்தான்லா!"

காவலுக்கு நிற்கும் மலாய்க்காரர் துப்பாக்கியோடு திரும்பிப் பார்க்கிறார். நான் அவளுடைய சொந்தம் என்று அவரிடம் மலாயில் சொல்லி, என் கையை உயர்த்திக் காட்டுகிறாள். அவரும் சிரித்துவிடுகிறார்.

அத்தை அநாதையாகச் செத்திருப்பாள் என்றே அப்பா கடைசிவரை நினைத்து அழுதார். இதோ, அவளுடைய பேத்தி போட்ட கூச்சலில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து பெண்களும் ஆண்களும் குழந்தைகளுமாக ஓடி வருகிறார்கள். யாரை முதலில் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்கிறேன்.