கரப்பான் பிள்ளைக்குப் பகல் காவல்

சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் ஒரு தொழிற்சாலைக்கு ராத்திரி காவல் எனக்கு. ஆனால் கண்ணை மூட முடியாத வேலை வீட்டில், பகலில்தான். கரப்பான் என்னும் தோல் அரிப்பு வந்த ஏழு மாத மகள் ரூத் தன் தோலைத் தானே பிய்த்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வேலை முடிந்து வந்ததும், மனைவி ஸ்டெல்லா விடியுமுன்னே சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். வீட்டில் கரப்பான் பிள்ளை வைத்திருப்பவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

லிஃப்டில்

சொரியாமலிருக்க ரூத்தின் இரண்டு கைகளிலும் காலுறை மாட்டியிருப்பேன். அவள் கன்னத்தை என் சட்டையில் தேய்ப்பாள். தேய்த்த இடத்தில் நீர் கசியும். ஒருநாள் கடைக்குத் தூக்கிப்போனேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும் அம்மா ஒருவர் லிஃப்டில் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அலமாக், சுடுதண்ணி கொட்டிட்டீங்களா? ஆம்பளைகிட்ட பிள்ளைய விட்டா இப்படித்தான் லா."

பத்தியம்

தாய்ப்பாலில்தான் கோளாறு என்றார்கள் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும். இறால், முட்டை, தக்காளி என்று ஆளுக்கொன்றைத் தடுத்தார்கள். ஸ்டெல்லாவுக்கு மிஞ்சியது சோறும் கீரையும். அவள் சட்டை தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் முட்டை பொரித்து முன்னால் வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டாள்.

"அவ சொரியுறத நிறுத்தட்டும். அப்புறம் நான் திங்கிறேன்."

மூன்று நாள் சந்தோஷம்

டாக்டர் கொடுத்த களிம்பு தோலை மெலிதாக்கும் என்று கைப்பேசியில் படித்திருந்தேன். அதனால் கடுகளவுதான் தடவுவேன். ஸ்டெல்லாவின் அக்கா மேரி லாபிஸிலிருந்து வந்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசட்டுமா என்றதும், களிம்பை மொத்தமாக மூடிவைத்தேன். பூசப் பூசச் சிவப்பு காணாமல் போனது. மூன்றாம் நாள் ஸ்டெல்லா முட்டை சாப்பிட்டாள்.

நான்காம் நாள் ரூத்துக்குக் காய்ச்சல் கொதித்தது. கிளினிக்கில் ஒரு தமிழ் நர்ஸ் ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தார். அரைத்துப் பூசியது பஞ்சோடு வந்தது. அடியிலும் மஞ்சளாகவே இருந்தது, ஈரமாக.

"அண்ணே, இது நீங்க பூசின மஞ்சள் இல்ல. சீழ்."

களிம்பு

ஐந்து நாள் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தாள். ஊசி ஏற்ற நரம்பு தேடி, ஆறாத தோலில் குத்தினார்கள். நான் கொண்டுபோன களிம்பை, அதைக் கொடுத்த டாக்டரம்மாவே வாங்கி அமுக்கிப் பார்த்தார். முக்கால்வாசி அப்படியே இருந்தது. எவ்வளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தேனே என்றார். நான் படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"படிச்சீங்க, சரி. பூசினீங்களா?"

இரண்டு மணி நேரம்

வீடு திரும்பி, அவர் எழுதிய அளவில் பூசினோம். எட்டாம் நாள் மதியம் ரூத் ஒரு தடவைகூடச் சொரியாமல் இரண்டு மணி நேரம் தூங்கினாள். நானும் தூங்கியிருக்கலாம், உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்டெல்லா வேலை இடைவேளையில் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

"மெதுவா அழுங்க, அவ எந்திரிச்சிடப் போறா."

என் மகளுக்கு வைத்தியம் சொன்ன எங்கள் எல்லாருக்கும், நானும் அதில் சேர்த்தி, தோல் நன்றாகவே இருந்தது.