மகள் பருவில் தடவிய மிளகு

மாலை நாலு இருபதுக்கு என் மகளின் இடது கண் வீங்கி மூடத் தொடங்கியது.

முகப்பருவைப் போக்க அவளை நாளுக்கு ஆறு முறை முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வைத்தவள் நான். அன்று தோட்டத்துப் பச்சை மிளகையும் அரைத்துப் பருவின்மேல் பூசினேன். என் பதினாறு வயதில் அம்மா பூசிவிட்டு, எரியாமலிருக்க ஊதிய காற்று இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது.

“எரியுதும்மா” என்றாள் மகள்.

“பொறு கண்ணு, எனக்கும் எரிஞ்சுதுதான்” என்று நானும் ஊதினேன்.

கண் வீங்கியதும் பதறி, நர்சம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை கண்ணைத் தண்ணீரால் கழுவியபடியே இருந்தேன்.

இப்போது மகள் காலையும் மாலையும் மட்டும் முகத்தை மென்மையாகக் கழுவுகிறாள். நான் எதையும் பூசுவதில்லை.

அன்று வாசலூர்பட்டியிலிருந்து வந்து சேர்ந்த நர்சம்மா, கண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பார்வைக்கு ஒண்ணுமில்லீங்க. தோல்மேல நல்ல கிருமியும் குடியிருக்குதுங்க, அதுதான் கெட்டதை அடக்கி வெக்கும். அதைத் தேய்ச்சே துரத்திட்டீங்க. மிளகை ரசத்துல போடுங்க.”