புது எம்.டி.யின் முதல் ஏ.ஐ. திட்டம்

எங்க டேட்டா கன்சல்டிங் கம்பெனிக்கு இன்னிக்கு புது எம்.டி. வந்தாங்க. "இனி எல்லாமே ஏ.ஐ.தான்"னு நேத்தே மெயில் போட்டிருந்தாங்க. மயூர் விஹார்ல மெட்ரோ ஏறும்போதே எனக்கு ஒரே கேள்விதான். வேலை இருக்குமா?

மீட்டிங்ல மேடம் ஹிந்தியில கேட்டாங்க: "ஏ.ஐ. தலையில முதல்ல எந்த வேலையைக் கட்டலாம்?"

எல்லாரும் ஒரே குரல்ல, "திங்கட்கிழமை ரிப்போர்ட்!"

"அச்சா, அதை யார் படிக்கிறீங்க?"

யாரும் படிக்கிறதில்லைன்னு ஒத்துக்கிட்டோம். பழைய எம்.டி. கேட்டாருன்னு ஆரம்பிச்சது. அவர் போனப்புறமும் அனுப்பிக்கிட்டே இருந்தோம்.

"அப்ப இதுக்கு ஏ.ஐ. எதுக்கு? நிறுத்திடுங்க."

கைதட்டல் அடங்கறதுக்குள்ள எங்க மேனேஜர்கிட்டேருந்து மெயில்: "எந்தெந்த வேலையை நிறுத்தினோம்னு திங்கள்தோறும் ரிப்போர்ட் அனுப்பவும்."

இதையாவது படிக்க யாராவது வர்றீங்களா?