எதிர்பார்த்தது: லாய்

என் கணவரே இதைக் கேட்டுச் சிரித்தார். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் திரையை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

ஷின்சு நகரில், லிஃப்ட்டை இயக்கும் மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எல்லாம் ‘சி’ என்ற நிரல்மொழி. நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சின்னச் சின்ன டெஸ்ட்கள் கண்ட கோப்புகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே ஃபோல்டரில் அடுக்குவது என் வேலை. பெயர் ‘டெஸ்ட்’ என்று தொடங்கினால் போதும். கம்ப்யூட்டரே தேடிப் பிடித்து ஓட்டிவிடும்.

அன்று புயல் விடுமுறை. அலுவலகத்தில் நானும் டீம் லீடர் லாயும் மட்டும். பிற்பகலிலேயே இருட்டிவிட்டது.

நான் அடுக்கியவை 212. ஓட்டினேன்.

‘கண்டுபிடித்தவை: 213.’

கடைசி ஒன்று மட்டும் சிவப்பு, அதாவது தோல்வி. ‘டெஸ்ட்_பிரேக்_நழுவல்.’ எல்லாக் கோப்புகளிலும் தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

“லாய் அண்ணே, பிரேக் நழுவுதுன்னு ஒரு டெஸ்ட் வருதே... யார் எழுதினது?”

அவர் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“அதை நான் போன வருஷமே அழிச்சிட்டேனே...”

“ஏன்?”

“உன் வேலையப் பாரு, யா-வென்.”

மறுபடி ஓட்டினேன். சிவப்பு வரிக்குக் கீழே, வரவேண்டிய விடையையும் வந்த விடையையும் காட்டும் இரண்டு வரிகள்.

‘எதிர்பார்த்தது: லாய்.
வந்தது: பெய்-ஷான்.’

“பெய்-ஷான் யாரு, அண்ணே?”

“விளையாடுறியா? அந்தப் பேரை யார் சொன்னா உனக்கு?”

பாய்ந்து வந்து மின்கம்பியைப் பிடுங்கினார். திரை அணையவில்லை.

டக்... டக்... டக்...

விசைப்பலகையில் யார் கையும் இல்லை.

லாய் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

“லிஃப்ட் வேணாம், அண்ணே!”

ஏன் கத்தினேன்? தெரியாது.

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

திரையில் சிவப்பு... பச்சையானது.

‘எதிர்பார்த்தது: லாய்.
வந்தது: லாய்.’

அப்புறம்தான் அந்தச் சத்தம். ஒன்பது மாடி...

இறுதிச் சடங்கில் பழைய ஊழியர் ஒருவர் சொன்னார். அந்த டெஸ்ட்டை எழுதியவள் பெய்-ஷான். ஓட்டும்போதெல்லாம் அது தோற்றது. மென்பொருளை வாடிக்கையாளருக்கு அனுப்பத் தாமதமாகும் என்று லாய் அதை அழித்துவிட்டார். வெள்ளோட்டத்தில், எங்கள் நிரல் ஓடிய லிஃப்ட் பிரேக் நழுவி விழுந்தது. உள்ளே இருந்தவளும் பெய்-ஷான்தான். ‘பிரேக்கை அவ சோதிக்கவே இல்ல’ என்று விசாரணையில் லாய் சொன்னாராம்.

இதையாவது எப்படியோ ஏற்றுக்கொண்டேன். பிறகு லிஃப்ட் மெக்கானிக் சொன்னதுதான்...

எங்கள் கட்டடத்து லிஃப்ட் வேறொரு நிறுவனத்துடையது. எங்கள் நிரலில் ஒரு வரிகூட அதில் கிடையாது.