முன்னோக்கி வளைந்த கைகள்

மூன்றரை வருஷம் நான் ஒரே ஒரு விண்மீன் மண்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் இருந்தது. நடுவில் நீளமாக ஒரு தண்டு, அதன் ஓரமாக இருண்ட தூசிக் கோடுகள், தண்டின் இரண்டு முனைகளிலிருந்தும் புறப்பட்டு வளையும் இரண்டு கைகள். திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி மாணவி என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்த மண்டலத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் அளவுகோலோடு குனிந்தே கிடந்தேன். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தால் அங்கே பாதி வருஷம் மழை மேகம்தான்.

சுழன்று ஆடும் பெண்ணின் பின்னல் பின்னால்தான் பறக்கும். விண்மீன் மண்டலங்களின் கைகளும் அநேகமாக அப்படித்தான், சுழற்சிக்குப் பின்னால் இழுபட்டு வரும். என்னுடையதில் அவை முன்னால் நீண்டிருந்தன. சுழலும் திசையை மற்றவர்கள் வெளியிட்ட வேக அளவுகளிலிருந்து எடுத்தேன், கைகளின் வளைவை என் படத்திலிருந்து எடுத்தேன். கணக்கைப் பத்துத் தடவை சரிபார்த்தேன். எதற்கும் இளகாத என் மலையாளி வழிகாட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இது மட்டும் நிஜமாயிட்டா நீ ரட்சப்பட்டாய், கரையேறிட்டாய், கேட்டியா?” என்றார்.

ஆய்வேட்டில் சொல்ல எனக்கு வேறு விஷயமே கிடையாது. உதவித்தொகை முடிய நான்கு மாதம் இருந்தது. கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருந்த அப்பா, குடம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் மகளின் கண்டுபிடிப்பைச் சொன்னார். எனக்கும் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது, இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

பதில் மிகவும் மரியாதையாக வந்தது. மண்டலத்துக்குக் கிழக்கே இருக்க வேண்டிய பிரகாசமான விண்மீன் உங்கள் படத்தில் மேற்கே இருக்கிறதே, படம் இடவலமாக மாறியிருக்குமோ என்று கேட்டிருந்தார்கள். படத்தைப் பின்பக்கமாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வொரு விண்மீனும் வானவரைபடத்தோடு பொருந்தியது. கைகள் ஒழுங்காகப் பின்னால் இழுபட்டுக் கிடந்தன. முதல் மாதம் இருட்டறையில் வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தகட்டைப் புரட்டி வைத்து அச்செடுத்தது நானேதான். யாரைத் திட்டுவது?

வழிகாட்டியாவது என்னைத் திட்டியிருக்கலாம். “சாரமில்ல, போகட்டும்,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு வேறொரு மாணவரின் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டார். புது விஷயம் தேட நேரமில்லை என்பது இருவருக்கும் தெரியும். அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது மூன்றரை வருஷமும் வீண் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்.

நேரே கடைக்குப் போனேன். அப்பா வேலையை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

“படத்தத் திருப்பி வச்சா செரியாயிருமா மக்களே?”

“செரியாயிரும்பா.”

“பின்ன என்னத்துக்கு அழுதுட்டு நிக்க?”

சரியானால் அந்த மண்டலம் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று, அதில் எழுத ஒன்றுமே மிச்சமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் முகம் தெளிந்துவிட்டது. கடையில் நின்றவரிடம் திரும்பி, “மகளுக்க படத்துல சின்னதா ஒரு தப்பு. அவளே கண்டுபிடிச்சிட்டா,” என்றார்.