கறுப்புத் திரையும் ஒரு கையெழுத்தும்

போட்டோ ஸ்டுடியோ வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனபிறகு எனக்கு நடந்தது இது. இந்த வேலைக்கு வரும் பெண்களுக்காக எழுதி வைக்கிறேன். என் முட்டாள்தனமும் இதில் உண்டு. மறைக்கப்போவதில்லை.

அப்போதெல்லாம் நாகர்கோவிலில் வயதான பெண்களுக்கு வளர்த்த காதுதான். கனத்த பாம்படம் போட்டுப் போட்டுக் காது தோளைத் தொடும். பள்ளிக்கூடம் படித்த பிள்ளைகளுக்கு அது வெட்கம். படம் எடுக்க அம்மையைக் கூட்டிவருவார்கள், "காதைச் சரியாக்கித் தாருங்க" என்பார்கள். நாங்கள் பின்னால் கறுப்புத் திரை கட்டுவோம். கண்ணாடி நெகட்டிவில் காது விழுந்த இடத்தை ரீடச் கத்தியால் சுரண்டிவிட்டால், பிரிண்டில் அது திரையோடு திரையாகிவிடும். நூறு காதாவது சுரண்டியிருப்பேன்.

கடைப் படம் போக, எனக்கென்று எடுக்கும் படங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்புவேன். திருவனந்தபுரத்துக்கு முதல் தடவை அனுப்பியபோது, "உங்கள் கணவர் எடுத்ததா?" என்று கடிதம் வந்தது. இரண்டாம் தடவை கதவுக்குப் பின்னால் மாட்டினார்கள். மூன்றாவதாக வடசேரிச் சந்தையில் கருப்பட்டி விற்கும் ஒரு அம்மாளை எடுத்தேன். காதைச் சுரண்டவில்லை. கறுப்புத் திரையே அந்தக் காது எடுப்பாகத் தெரியத்தான். ஊர் வாசகசாலை ஹாலில் அதை மாட்டியிருந்தபோது திருவனந்தபுரத்துக் கண்காட்சிக் கமிட்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, நடுச்சுவரில் வைக்கிறோம், அனுப்புங்கள் என்று எழுதினார். படத்தை ஹாலிலிருந்து இறக்கிக் கடைக்குக் கொண்டுவந்த அன்று, நாலு மணி பஸ்ஸில் அது போயாக வேண்டும்.

ஒரு மணிக்கு அந்த அம்மாளின் மகன் சாமுவேல் வந்தான். பள்ளிக்கூட வாத்தியார், மரியாதையான பையன். அன்று முகமே சரியில்லை.

"அக்கா, நீங்க இப்பிடிச் செய்வீங்கண்ணு நினைக்கல்ல."

"என்னலே செஞ்சேன்? நீதானே கையெழுத்துப் போட்டுத் தந்தே?"

"கறுப்புத் துணி கெட்டியிருந்துதே. எல்லாருக்கும் சொரண்டுகது போல அம்மைக்கும் சொரண்டுவீங்கண்ணுதான் போட்டேன். செவ்வாக்கிழம பெண்ணு பாக்கப் போறோம். அந்த வீட்டாளுவ ஹால்ல பாத்துட்டுச் சிரிச்சாங்களாம்."

அந்த அம்மாளுக்கு எழுதத் தெரியாது என்று மகனிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தேன். அவன் திரையைப் பார்த்துப் போட்டான், நான் காகிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

"சொரண்டித் தாருங்க. இல்லேண்ணா இதை ஒடச்சிருவேன்" என்றபடி மேஜைமேல் இருந்த நெகட்டிவ் பிளேட்டை எடுத்துக்கொண்டான். பிடுங்கவும் பயம். கண்ணாடி, கை தவறினால் இரண்டு பேருக்கும் இல்லை. எனக்குக் கோபமும் வந்தது.

"அம்மைட்ட கேட்டியா?"

"அம்மைக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"சரி, வா. கேட்டுட்டு ஒடச்சுக்கோ."

அவன் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, நான் அட்டையில் மவுண்ட் போட்ட படத்தோடு சந்தைக்குப் பின்னால் ஓடினேன். மத்தியான வெயில். வழியில் அவன் ஒரு கல்லில் தடுக்கியபோது என் உயிர் போய் வந்தது.

அவன் தாயார் ஏசுவடியாள் அம்மாள் கருப்பட்டி ஓலைப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அதுவரை அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. ஹாலில் எத்தனையோ பேருக்குக் காட்டிய எனக்கு, அவரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. மகன் விஷயத்தைச் சொன்னான். அவர் வெற்றிலையைத் துப்பி, கையைத் துடைத்துக்கொண்டு, படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எனக்கு மணி ஓடிக்கொண்டிருந்தது.

"கீழ என்னமோ எழுதியிருக்கே. வாசிலே."

சாமுவேல் வாசித்தான். "வளர்த்த காது, நாகர்கோவில்." அதற்கு அடியில் பெரிய எழுத்தில் என் பெயர்.

"இவ பேரு இருக்கு. எம் பேரு எங்க?"

அவர் என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ காதைச் சொரண்டச் சொல்லுகே. இவ காதை மட்டும் எழுதி வச்சிருக்கா. ஆளு ஒருத்தி இருக்கது ரெண்டுபேரு கண்ணுலயும் படல்ல, இல்லியா மக்கா?"

அவர் சத்தமே போடவில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், எனக்கும் வாய் உண்டு. அதற்கு வழியில்லாமல் வெட்கி நின்றேன்.

"அம்மா, சிரிப்பாங்க" என்றான் மகன்.

"செவ்வாக்கிழம நானும் வருவேனே. அப்போ காதை எந்தப் பெட்டியில போட்டுப் பூட்டுவே?" என்றவர் என்னிடம் திரும்பினார். "காது கெடக்கட்டும் மக்ளே. எம் பேர எழுதிக் கொண்டு போ. எழுதல்லேண்ணா படம் போகாண்டாம்."

ஸ்டுடியோவுக்குத் திரும்பும்போது மூன்று தாண்டிவிட்டது. பழைய எழுத்தின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினேன். நான் எழுதாமல் பேனாவைச் சாமுவேலிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில், 'ஏசுவடியாள், கருப்பட்டி வியாபாரம், வடசேரி' என்று எழுதினான். எழுதி முடித்து மூக்கை உறிஞ்சினான், நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். பஸ் கிளம்புகிற நேரத்துக்குக் கண்டக்டர் கையில் பொட்டலத்தைத் திணித்தோம்.

அந்தப் படத்துக்கு வெள்ளி மெடல் வந்தது, பத்திரிகையிலும் எழுதினார்கள். பிறகு என்னிடம் வேலை கற்க வந்த பெண்கள், படம் எடுக்க யாரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்று கேட்டால், எனக்கு ஒரே பதில்தான்: கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் முதலில் கேளுங்கள்.